அவசரமில்லாத ஐந்து நாள்: கிழக்குக் கரையில் குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கடல் என்றால் மாலை நேரம்தான். மோரிப், ரெமிஸ், போர்ட்டிக்சன் என்று எங்கே போனாலும் சூரியன் கடலுக்குள் இறங்குவதைத்தான் பார்க்கிறோம். அது கடலிலிருந்து எழுவதைப் பார்க்க வேண்டுமானால் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி, ஏறக்குறைய 250 கி.மீ. தொலைவிலுள்ள குவாந்தானுக்குப் போக வேண்டும். அங்கே நம் கண்முன் இருப்பது மலாக்கா நீரிணை அல்ல, தென் சீனக் கடல். கரையும் வேறு மாதிரி. சேற்றுக்கும் சதுப்புக்கும் பதிலாக வெள்ளை மணல், சவுக்கு மரங்கள், இடையிடையே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக் குன்றுகள்.

இவ்வளவு அருகில் இருந்தும் நம் குடும்பங்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் மேற்குக் கரை மாநிலங்களில் இருந்தன. அதனால் நம் சொந்தபந்தங்களும் கெடாவிலிருந்து ஜோகூர் வரை மேற்குப் பக்கத்திலேயே பரவினார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறோம். விடுமுறை வந்தால் பினாங்கு, கேமரன் மலை, லங்காவி. கிழக்கே உறவு இல்லை. அதனால் போகும் வேலையும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பால்மரம் சீவிய தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. அவர்களில் எத்தனையோ பேர் கடலில் சூரியன் உதிப்பதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நீண்ட பயணத்தை முழங்கால் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எந்தச் சாலை?

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை, அதைத் தொடர்ந்து கிழக்குக் கரை நெடுஞ்சாலை. இந்த வழியில் போனால் ஐந்து மணி நேரத்தில் கோல திரங்கானு வந்துவிடும். வசதியான சாலைதான். ஆனால் அது கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகிறது. வழியெல்லாம் செம்பனை மரங்களும் காடும்தான். கடலைப் பார்க்கப் போகிறவர் கடலைப் பார்க்காமலேயே போய்ச் சேரும் சாலை அது.

நமக்கு வேண்டியது பழைய சாலை. கூட்டரசுச் சாலை 3 என்பது அதன் பெயர். ஜோகூர் பாருவில் தொடங்கி மெர்சிங், குவாந்தான், கெமாமான், டுங்குன், மாராங், கோல திரங்கானு வழியாகக் கிளந்தானின் ரந்தாவ் பாஞ்சாங் வரை 700 கி.மீ.க்கும் மேல் நீள்கிறது. இதில் குவாந்தானுக்கும் கோல திரங்கானுவுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 210 கி.மீ. தான் நம் பயணத்தின் உயிர். நிற்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம். நாம் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வேஸ் செயலியில் கோல திரங்கானு என்று போட்டால் அது உங்களை நெடுஞ்சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும். 'டோலைத் தவிர்' என்று அமைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஊர் ஊராகப் போடுவது: சுக்காய், கெமாசிக், பாக்கா, டுங்குன், மாராங். அடுத்த ஊர் எது என்று தெரிந்தால் போதும்.

எப்போது போவது?

இங்கேதான் நம் குடும்பங்களுக்குச் சிக்கல். நமக்கு ஓய்வு கிடைப்பது தீபாவளி, ஆண்டு இறுதி, தைப்பூசம் ஆகிய காலங்களில். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. டிசம்பரில் வெள்ளம் வருவது அங்கே புதிதல்ல. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை நாடே பார்த்தது. தீவுகளிலுள்ள தங்கும் விடுதிகள் பெரும்பாலும் அந்த மாதங்களில் மூடிவிடும். ஆண்டு இறுதியில் சலுகை விலையில் அறை கிடைக்கிறதே என்று முன்பதிவு செய்துவிட்டு, நான்கு நாளும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆண்டின் நடுவில் வரும் பள்ளி விடுமுறை, ஆகஸ்டு 31 தேசிய தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம் ஆகியவற்றோடு இரண்டு மூன்று நாள் விடுப்பைச் சேர்த்தால் ஐந்து நாள் கிடைத்துவிடும். புறப்படும் வாரத்தில் வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திரங்கானுவிலும் கிளந்தானிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு அங்கே வேலை நாள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். வெள்ளி மாலையில் கடற்கரைகளில் உள்ளூர்க் கூட்டம் நிரம்பும். அதனால் சனிக்கிழமை புறப்பட்டு, ஞாயிறு முதல் புதன் வரை அந்தக் கரையில் இருப்பது நல்லது. நாம் போகும் நாளில் கரை காலியாக இருக்கும்.

முதல் நாள்: குவாந்தான் வரை

காலை ஏழு மணிக்குப் புறப்படலாம். கெந்திங் செம்பா ஏற்றம் தாண்டியதும் வெளியே பனி இருந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தெமர்லோ ஓய்வுத்தளத்தில் ஒரு நிறுத்தம். தெமர்லோவுக்குப் பாத்தின் மீன் பெயர்போனது. புளிக்குழம்புபோல் காரமும் புளிப்புமாக வைக்கும் பாத்தின் தெம்போயாக்கில் டுரியான் புளிக்கவைத்துச் சேர்ப்பார்கள். டுரியான் பிடிக்காதவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

பகல் உணவுக்குக் குவாந்தான். மாலையில் தெலுக் செம்பெடாக். செம்பெடாக் என்றால் நம் பலாவுக்குத் தம்பி. சவுக்குத் தோப்பும் அகன்ற மணலும் முடியும் இடத்தில் பாறைகள் தொடங்குகின்றன. அந்தப் பாறைகளை ஒட்டி நடைபாலம் போட்டிருக்கிறார்கள். முதியவர்கள் மெதுவாக நடந்து அலை பாறையில் மோதுவதை அருகில் பார்க்கலாம். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டப் பையோடு போக வேண்டாம்.

இந்தக் கடலுக்குள் ஒரு பெரிய கல்லறையும் இருக்கிறது. 1941 டிசம்பர் 10ஆம் நாள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடித்தன. 840 மாலுமிகள் மாண்டனர். மலாயாவைக் காக்க வந்த கடற்படை ஒரே பகலில் இல்லாமல் போயிற்று. பிறகு வந்த மூன்றரை ஆண்டு ஜப்பான் காலத்தை நம் தாத்தா பாட்டிகள் மரவள்ளிக்கிழங்கு தின்று கடந்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கதையைக் கேட்க இந்தக் கடற்கரை நல்ல இடம்.

இரண்டாம் நாள்: குவாந்தானிலிருந்து டுங்குன்

இன்றைய தூரம் 140 கி.மீ. மட்டும். விடியற்காலையில் சூரியோதயம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இங்கே ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும் என்பதால் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆறே முக்காலுக்கு எழுப்பினால் போதும்.

பெசெராவை அடுத்து பத்து ஹீத்தாம் கடற்கரை. பெயருக்கேற்ப கறுத்த பாறைகள். கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் சிறு நண்டுகளும் மீன்களும் சிக்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பாசி படிந்த பாறை வழுக்கும்; செருப்பைக் கழற்றாமல் நடக்கட்டும்.

அங்கிருந்து செராத்திங். பருவமழைக் காலத்தில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் இடம். நாம் போகும் மாதங்களில் அமைதியாக இருக்கும். இரவு தங்குபவர்கள் ஆற்றில் படகேறி மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கலாம்.

பகாங்கைத் தாண்டித் திரங்கானுவுக்குள் நுழைந்ததும் கெமாமான் மாவட்டத்தின் சுக்காய் பட்டணம். இங்குள்ள பழைய கொப்பித்தியாம்களின் காப்பிக்காகவே கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அரைத்த மீனைத் தேங்காய்ப்பூவும் மசாலாவும் சேர்த்து வாழையிலையில் சுருட்டி, குச்சியில் கோத்துத் தணலில் வாட்டும் சாத்தார் இந்தப் பக்கத்துச் சிறப்பு.

பிறகு கெமாசிக். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கடற்கரையில்தான் நிற்க முடியும் என்றால் இங்கே நில்லுங்கள். மணல் நடுவில் பாறைக் குன்று ஒன்று முளைத்து நிற்கிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத நீர். படம் எடுப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கெர்த்தே, பாக்கா பகுதியில் காட்சி திடீரென மாறும். எண்ணெய், எரிவாயுத் தொழிற்சாலைகள், வானத்தில் எரியும் தீச்சுடர். நம் பிள்ளைகளில் பொறியியல் படித்த சிலர் வேலை செய்வதும் இங்கேதான். இந்தக் கரையில் ஒரு பக்கம் மீனவர் கம்பம், மறுபக்கம் பெட்ரோலியம். நாடு எதில் ஓடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கலாம். இரவு டுங்குனில் தங்கலாம்.

மூன்றாம் நாள்: ரந்தாவ் அபாங், மாராங், கோல திரங்கானு

தூரம் 80 கி.மீ. சாலை கடலை ஒட்டிப் போகும் நீண்ட பகுதி இதுதான். வடக்கு நோக்கிப் போகும்போது கடல் நமக்கு வலப்பக்கம். ஆகவே ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் நல்ல இருக்கை. அதைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கொடுங்கள். நினைத்த இடத்தில் நிற்க வேண்டுமானால் எதிர்த்தடத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்து, முன்கூட்டியே சமிக்ஞை போடுங்கள்.

டுங்குனுக்கு வடக்கே ரந்தாவ் அபாங். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். தோணிபோல் பெரிய தோல்முதுகு ஆமைகள் முட்டையிட இந்தக் கரையைத் தேடி வந்தன. 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள் இருந்ததாகக் கணக்கு. இன்று அந்த ஆமை இங்கே அநேகமாக வருவதேயில்லை. பல ஆண்டுகளாக முட்டைகளைத் தோண்டி விற்றோம். கடலில் வலைகள் பிடித்தன. பொரிப்பகங்களில் மணல் சூடு கூடியதால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரிந்தன என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் சும்மா இருக்கவில்லை. முட்டையிடும் ஆமையின் கண்ணில் விளக்கடித்தவர்களும், முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் அந்தக் காலத்தில் உண்டு.

முட்டையிலிருந்து வெளிவந்த ஆமை திரும்பிவந்து முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் தவறு நடந்தபோது தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனையையும் திரங்கானு 2022இல் தடைசெய்தது. பச்சை ஆமைகள் இன்னும் இந்தக் கரைக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்க விரும்பினால் செராத்திங் போன்ற காப்பகங்களின் வழியாக மட்டும் போங்கள். கைப்பேசி விளக்கு கூடாது, நெருங்கக் கூடாது, பேச்சுக் குரல் கூடாது. யாராவது சாலையோரத்தில் முட்டை வேண்டுமா என்று கேட்டால் வாங்காதீர்கள்.

அடுத்தது மாராங். இங்கிருந்து காப்பாஸ் தீவுக்குப் படகில் கால் மணி நேரம். முழு நாள் தீவுப் பயணம் பெரியவர்களுக்குக் கடினம் என்று தயங்கும் குடும்பங்களுக்கு இது ஏற்ற தீவு. காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். படகில் ஏறுமுன் எல்லோருக்கும் பாதுகாப்பு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மாராங் கோல திரங்கானுவுக்குத் தெற்கே இருக்கிறது. காப்பாஸ் தீவுக்குப் படகு அங்கே. மெராங் வடக்கே இருக்கிறது. ரெடாங் தீவுக்குப் படகு அங்கே. ஓரெழுத்து மாறினால் படகைத் தவறவிட நேரும். முன்பதிவு செய்யும்போது எழுத்தைச் சரிபாருங்கள்.

நான்காம் நாள்: பாறையும் தென்னையும்

கோல திரங்கானுவிலேயே இரண்டு இரவு தங்கினால் பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. இன்று பெட்டி இல்லாமல் வடக்கே போய்வரலாம். கூட்டரசுச் சாலை 3 இங்கே உள்நாட்டுக்குள் போய்விடுகிறது. ஆகவே பத்து ராக்கிட், மெராங், பெனாரிக் வழியான கரையோரச் சாலையைப் பிடியுங்கள். பெனாரிக்கில் மணலும் தென்னந்தோப்பும், செத்தியூ பகுதியில் கடலுக்கு இணையாகக் கிடக்கும் காயலும் கண்ணை நிறைக்கும்.

கோல பெசுட்டுக்கு அருகே புக்கிட் கெலுவாங். பழந்தின்னி வௌவாலுக்கு மலாயில் கெலுவாங் என்று பெயர். குன்றுகள் நேராகக் கடலில் வந்து இறங்குகின்றன. அலை குடைந்த குகைகளும் உருண்ட பாறைகளும் உண்டு. கரடுமுரடான கடற்கரை என்றால் என்ன என்பதை இங்கே பார்க்கலாம். பாறைகளைச் சுற்றிப் போகும் நடைபாதைக்குக் கடல் வற்றும் நேரம் நல்லது. ஏறமுடியாத பெரியவர்கள் சவுக்கு நிழலில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்ளலாம்.

போகவர 200 கி.மீ.க்குச் சற்று மேல். அலுப்பாக இருந்தால் இதைக் கைவிட்டுவிட்டு ஊரிலேயே இருங்கள். பாயாங் சந்தையில் பத்திக், சொங்கெட் துணிகள். கம்போங் சீனாவில் பழைய கடை வீடுகள். டூயோங் தீவில் மரப்படகு கட்டும் பட்டறைகள். செங்கால் மரப் பலகைகளை மர ஆணியால் இணைத்து, காகிதத்தில் வரைபடம் எதுவும் இல்லாமல் கண் அளவிலேயே பெரிய படகுகளைக் கட்டிய ஆசாரிகளின் ஊர் அது. இன்று அந்தக் கை சிலரிடம்தான் மிஞ்சியிருக்கிறது.

ஐந்தாம் நாள்: வீடு திரும்புதல்

இப்போது நெடுஞ்சாலையைப் பயன்படுத்துங்கள். 450 கி.மீ., ஐந்து மணி நேரம், வழியில் மூன்று நிறுத்தம். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் இருட்டும் முன்பே கிள்ளானில் இருக்கலாம். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாலை ஓய்வு மிச்சம்.

மொத்தம் 1,100 முதல் 1,200 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்றால் ஏறக்குறைய 80 லிட்டர் பெட்ரோல். டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம், நான்கு இரவுத் தங்கல், சாப்பாடு, படகு என்று ஐந்து வரியில் செலவை எழுதிவிடலாம். அதோடு ஒரு பங்கு கைச்செலவுக்கு ஒதுக்குங்கள். சகோதரர்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் மூன்று அறை கொண்ட ஹோம்ஸ்டே எடுப்பது, தனித்தனி விடுதி அறையைவிட மலிவு, சமையலறையும் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

குவாந்தான் வரை இந்திய உணவுக்குக் கவலையில்லை. அதற்கு வடக்கே நம் கடைகள் குறைந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களும், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களும் ஏற்பாட்டோடு போக வேண்டும். சம்பல், காய்கறிப் பிரட்டல் எதிலும் பெலாச்சானோ நெத்திலியோ இருக்கும். கெரோப்போக் லேக்கோர் பார்க்க மரவள்ளிப் பலகாரம் போலிருந்தாலும் அது முக்கால்வாசி மீன். ரொட்டிச் சானாயும் பருப்பும் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் பருப்புக் குழம்பில் கறித்துண்டு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரிய பட்டணங்களில் சீனர்களின் சைவக் கடைகளைத் தேடலாம்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ இரண்டு நாளுக்கு முன்பே ஒரு சுற்று வாங்கிவிடுங்கள். முறுக்கு, பொரி, ஊறுகாய், புளிக்காய்ச்சல். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு: எலுமிச்சைச் சோறு அல்லது புளிச்சோறு. சின்ன மின்சோற்றுப் பானை ஒன்று கூட வந்தால், ஹோம்ஸ்டேயில் சூடான சோறும் புளிக்காய்ச்சலும் எந்த விருந்துக்கும் குறைந்ததல்ல.

அசைவம் உண்பவர்கள் நாசி டாகாங்கைத் தவறவிட வேண்டாம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றில் வெந்தயம் சேர்ப்பார்கள். முதல் வாயிலேயே இது நமக்குத் தெரிந்த வாசமாயிற்றே என்று தோன்றும். சூரை மீன் குழம்போடு காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். ஒன்பது மணிக்குள் போங்கள்.

பெரியவர்கள், பிள்ளைகள்

தங்குமிடம் பதிவு செய்யும்போது கடல் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். கீழ்த்தள அறை உண்டா, கழிவறை உட்காரும் வகையா, குளியலறைத் தரை வழுக்குமா, படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை ஏழு நாளுக்கு எடுத்து, கைப்பையில் வையுங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் வேக விடாதீர்கள். இன்சுலினுக்குக் குளிர்ப்பை வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்க வேண்டும். பெரியவர்கள் தங்களால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகிறதே என்று தண்ணீர் குடிக்காமலேயே வருவார்கள். "அடுத்த நிறுத்தம் எப்போது" என்று அவர்கள் கேட்கும் நிலை வராமல், நாமே நிறுத்திவிட வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குக் காரில் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது பாசம். ஆனால் அவசரமாகப் பிரேக் போடும்போது கை தாங்காது. நாளுக்கு ஓர் இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தாங்கள் தேர்ந்த இடத்துக்குப் போகும் வழியில் அவர்கள் முனகுவதில்லை.

கடலில் இறங்குமுன்

மேற்குக் கரையில் பழகிய நமக்குக் கிழக்குக் கடல் ஏமாற்றும். மோரிப்பில் அரைக் கிலோமீட்டர் நடந்தாலும் முழங்கால் அளவுதான். இங்கே பல இடங்களில் நான்கு எட்டில் ஆழம். கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இழுநீரோட்டத்தில் சிக்கினால் நல்ல நீச்சல்காரருக்கும் ஆபத்து. அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அது குளிக்க ஏற்ற இடம் அல்ல, பெரும்பாலும் நீர் வெளியேறும் வழி. இழுத்துச் சென்றால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபிறகு திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி இருந்தால் பாதம்கூட நனைய வேண்டாம். பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது முறை வைத்துச் செய்யவேண்டிய வேலை. அவசர எண் 999.

ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை

நம் வீடுகளில் ஒரே ஆள் ஓட்டுவார், மற்றவர்கள் தூங்குவார்கள். அது இந்தப் பயணத்துக்கு ஆகாது. உரிமம் உள்ள இன்னொருவர் தயாராக இருக்கட்டும். முன் இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. கண் எரிந்தாலோ, கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போனாலோ, காப்பி போதாது. நிறுத்தி இருபது நிமிடம் தூங்க வேண்டும். கூட்டரசுச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ.; ஊர்களுக்குள் இன்னும் குறைவு. இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். திரங்கானு, கிளந்தான் கம்பத்துச் சாலைகளில் இரவில் மாடுகள் படுத்துக் கிடக்கும். புறப்படுமுன் டயர், உபரி டயர், துடைப்பான், குளிர்நீர் ஆகியவற்றைப் பட்டறையில் காட்டிவிடுங்கள்.

கூடுதலாக இரண்டு நாள் இருந்தால்

கோல பெசுட்டிலிருந்து கோத்தா பாரு 60 கி.மீ. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கரையிறங்கியது இங்கே. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பாகவே. கரையில் அவர்களை எதிர்த்து நின்றது 8ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு.

திரும்பும் வழியைக் கோல கிராய், குவா மூசாங் வழியாக வைத்துக்கொண்டால் சுண்ணாம்பு மலைகளும் காடும் பார்க்கலாம். கிளந்தானின் ஒரே தமிழ்ப்பள்ளியான பாசிர் காஜா தமிழ்ப்பள்ளி கோல கிராய் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த உள்நாட்டுப் பகுதியைக் கெமாசிலிருந்து தும்பாட் வரை செல்லும் இரயில் பாதை ஊடறுக்கிறது. 1931இல் முடிந்த இந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களைத்தான் ஜப்பானியர் பெயர்த்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரண இரயிலுக்கு ஆளாகவும் நம் தோட்டத்து மக்களே போனார்கள், பலர் திரும்பவில்லை. இந்த வழி வளைவுகள் மிகுந்தது, முழு நாளும் பிடிக்கும். குவா மூசாங்கிலோ கோல லிப்பிசிலோ ஓர் இரவு தங்கி வருவது உடம்புக்கு நல்லது.

முதலில் ஓர் ஒத்திகை

ஐந்து நாள் ஒன்றாகக் காரில் இருக்க முடியுமா என்ற ஐயம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம். கிள்ளானிலிருந்து கூட்டரசுச் சாலை 5ஐப் பிடித்து ஜெராம், கோல சிலாங்கூர், செக்கிஞ்சான் வரை போய்வாருங்கள். மலாவாத்தி குன்றும் நெல்வயலும் போதும். பாறைக் கடற்கரைதான் வேண்டும் என்றால் போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான். அங்குள்ள கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. அப்பாவுக்கு எத்தனை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காரில் குமட்டுகிறது, யாருக்கு எப்போது பசிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும். அதை வைத்து ஐந்து நாளையும் திட்டமிடுங்கள்.

கோத்தா பாருவையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்கும் 665 கி.மீ. கிழக்குக் கரை இரயில் பாதைத் திட்டம் நம் காலத்துப் பெரிய மாற்றங்களில் ஒன்று. அது முழுமையாக ஓடும்போது இந்தப் பயணம் சில மணி நேர வேலையாகிவிடும். நல்லதுதான். ஆனால் இரயில் கெமாசிக் பாறையருகே பாட்டிக்காக நிற்காது. இப்போதைக்குச் செய்ய வேண்டியது, நாள்காட்டியை எடுத்து ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே ஐந்து நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது. பிறகு அப்பா அம்மாவிடம் ஒரு கேள்வி: "கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?"